திருப்பித் தராத வாக்கிடாக்கி

ஜூலை 9

இடது கையால் எழுதுகிறேன்.

ஜூலை 10

கோழி கிளறியது போல இருக்கிறது. இருக்கட்டும். படிக்கப்போவது நான் ஒருவன்தான்.

ஜூலை 11

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுதாகப் போயின. மோதிர விரலில் பாதி மிச்சம். மருத்துவமனையில் ஒரு நர்ஸ், "கட்டைவிரல் தப்பிச்சதே பெரிய விஷயம், சந்தோஷப்படுங்க" என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் எதற்கெல்லாம் சந்தோஷப்படச் சொல்கிறார்கள்.

ஜூலை 12

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. புத்தாண்டுக்கு எல்லோருக்கும் ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பாதுகாப்பு வாசகம் அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய பக்கத்தில்: "உங்களுக்காக வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார்." நான் வீட்டில்தான் இருக்கிறேன். சட்டைப் பொத்தானை என்னால் போட முடியவில்லை. என் மனைவி பியூலா பள்ளி வேலைக்குப் போகும் அவசரத்தில் போட்டுவிட்டுப் போனாள், ஒரு பொத்தான் தள்ளி. மாலைவரை அப்படியே இருந்தேன்.

ஜூலை 13

நடந்ததை ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது வேறு மாதிரி எழுதிவிடுவார்கள். நான் இயற்பியலில் முதுகலை, முதல் வகுப்பு. கண்டதை வரிசையாக எழுதத் தெரிந்தவன்.

ஜூலை 3, காலை ஒன்பதரை மணி. பழவூர்ப் பக்கம் எங்கள் சைட்டில் அறுபத்து மூன்றாம் எண் காற்றாலை. பிரேக் பட்டைகள் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும். ஏறியவர்கள் நானும் ஐயம்பெருமாளும். கீழே ஜீப்பில் டிரைவர் மாசானம்.

கோபுரம் ஐம்பது மீட்டர் உயரம். உள்ளே இரும்பு ஏணி. உச்சியில் ஒரு வேன் அளவுக்குப் பெட்டி அறை, நாசெல் என்போம். மிஷினை நிறுத்தினாலும் காற்று நிற்பதில்லை. இறக்கைகள் எப்போது திரும்பலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் பிரேக்கில் கை வைக்குமுன் லாக் பின் போட வேண்டும். முழங்கை நீள இரும்புக் கட்டை அது. இறக்கைகள் மாட்டியிருக்கும் பெரிய தண்டின் தட்டில் உள்ள துளைக்குள் அதைச் செருகிவிட்டால் யானை தள்ளினாலும் தண்டு திரும்பாது. துளையும் கட்டையும் நேருக்கு நேர் வர வேண்டும் என்பதுதான் சிரமம். ஆடிக்காற்றில் அதற்கே நாற்பது நிமிடம் ஆகும்.

முதலில் ஏறுபவன் பின்னைப் போட்டுவிட்டு "பின் போட்டாச்சு" என்று கத்த வேண்டும். அடுத்தவன் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு "பாத்தாச்சு" என்று கத்த வேண்டும். எந்தக் கையேட்டிலும் இது கிடையாது. இருபது வருடத்துக்கு முன் நான் கொண்டுவந்த வழக்கம். இன்று சைட்டில் எல்லோரும் அப்படித்தான் கத்துகிறார்கள். யார் ஆரம்பித்தது என்று எவனுக்கும் தெரியாது.

அன்று முதலில் ஏறியவன் ஐயம்பெருமாள். அவன் பின் போடவில்லை. நான் ஒரு பக்கப் பட்டையைக் கழற்றிவிட்டு விரல்களை உள்ளே விட்டிருந்தேன். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. மறுபக்கப் பட்டையால் பிடிக்க முடியவில்லை. பிரேக் தட்டு கால் சுற்றுத் திரும்பியது. அவ்வளவுதான்.

நானே ஏணியில் இறங்கி வந்தேன். இதில் என் தவறு எதுவும் இல்லை.

ஜூலை 14

காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இடது கையாலும் முழங்காலாலும் உரிக்கலாம் என்று கண்டுபிடித்திருக்கிறேன். பியூலா கேட்டாள்: "அவன் போடல, சரி. நீங்க போய்த் தொட்டுப் பாத்தியளா?"

செட்டில் பேட்டரி தீர்ந்திருந்தது என்று சொன்னேன். வாக்கிடாக்கியைச் செட் என்போம். அவள் கேட்டது அதை அல்ல என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

ஜூலை 15

மாசானம் வந்தான். எலுமிச்சம்பழம் ஒரு பை நிறைய. அவனுக்கு வாய் நிற்காது.

"சார், நான் கீழ நின்னு பாக்கேன், முதல்ல ஐயம்பெருமாள் அண்ணன் காலு தெரியுது. அவியளுக்குக் கொஞ்சம் மேல உங்க காலு. உங்க பெல்ட்டத் தன் பெல்ட்டோட மாட்டிட்டு, ஒவ்வொரு படிக்கும் உங்க பாதத்தக் கையால புடிச்சுப் படியில வச்சு வச்சு எறக்கிக் கொண்டாந்தாவ. நூத்தி அறுபத்தஞ்சு படி சார். கீழ வந்ததும் அவிய முகத்துல முழுக்க உங்க ரத்தம். அவியளுக்குத்தான் அடிபட்டுச்சோன்னு பதறிட்டேன்."

"மீட்புக் கயிறு எங்கே?" என்று கேட்டேன்.

"அது ஆபீஸ் பீரோவுலல்லா இருக்கு. எல்லா மிஷினுக்கும் ஒண்ணே ஒண்ணு. சாவி எட்வின் சார்ட்ட."

பியூலா என்னைப் பார்த்தாள். நானே இறங்கி வந்தேன் என்று அவளிடமும் சொல்லியிருந்தேன். பொய்யல்ல. என் கால்களால்தான் இறங்கினேன்.

ஜூலை 17

கம்பெனியிலிருந்து கடிதம். உடல்நலம் தேற வாழ்த்துகள் என்று ஒரு வரி. பிறகு, என் வசம் உள்ள ஹெல்மெட், பெல்ட், வாக்கிடாக்கி ஆகியவற்றை உடனே ஒப்படைக்கும்படி நான்கு வரிகள்.

பையைத் தேடினேன். மூன்றும் இருந்தன. பெல்ட்டில் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. செட்டைத் திருகிப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தது. அடுப்படி மேற்கு ஜன்னலில் வைத்தால் சைட் முழுவதும் கேட்கிறது. எங்கள் வீடு இருக்கும் பணகுடியிலிருந்து பார்த்தால் கடைசி வரிசை மிஷின்கள் கண்ணுக்கே தெரியும். நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். யார் எதில் ஏறுகிறான், யார் டீக்குப் போகிறான், எல்லாம். மாலைவரை பேட்டரி தாங்கியது.

திருப்பித் தருவதாக இல்லை.

ஜூலை 18

காற்று கூடுதல். கொடியில் போட்ட துண்டு பக்கத்து வீட்டு முருங்கையில் போய்த் தொங்கியது.

என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. தாளில் இல்லை, மனதில். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யவிடாமல் மூன்று வருடம் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற பேராசிரியர். எனக்கு வர வேண்டிய விரிவுரையாளர் வேலையில் உட்கார்ந்தவன். எங்கள் சபைக் கமிட்டியில் என் பெயரை முன்மொழிந்துவிட்டுக் கை தூக்காதவர். எட்வின்: டிப்ளமோ முடித்து வந்தவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன், இன்று எனக்கு மேலே மேனேஜர். கடைசியாக ஐயம்பெருமாள்.

போன நவம்பரில் மேனேஜர் பதவிக்கு நானும் எட்வினும் விண்ணப்பித்திருந்தோம். மேலிடத்திலிருந்து வந்தவர்கள் சீனியர் ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஐயம்பெருமாள் என்னோடு பதினாறு வருடம் ஏறியவன். அவன் சொன்னது: "சார் வேலையில கெட்டிக்காரர். ஆனா அவருக்குக் கீழ ஒருத்தனும் நிக்க மாட்டான்." அன்று சாயங்காலமே என் காதுக்கு வந்துவிட்டது. நவம்பர் 17. அன்றிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை கிடையாது. ஒரே நாசெலுக்குள் முட்டி உரச நின்று வேலை செய்திருக்கிறோம். ஸ்பேனர் வேண்டுமென்றால் கையை நீட்டுவேன், வைப்பான்.

பியூலா ஒருமுறை கேட்டாள்: "ஒங்க பட்டியல்ல நான் எத்தனாவது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

ஜூலை 20

எட்வின் வந்தான். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கூடவே ஒரு ஃபைல். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ஒரு காலத்தில் என் முன்னால் உட்காரவே மாட்டான்.

"கை எப்படி இருக்கு சார்?"

"எந்தக் கை?"

கொஞ்ச நேரம் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திருப்பித் திருப்பி வைத்தான். பிறகு ஃபைலைத் திறந்தான். முப்பத்தோராம் தேதி அரசுத் தரப்பிலிருந்து தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி விசாரணைக்கு வருகிறாராம். அதற்குள் என் வாக்குமூலம் வேண்டும். தயாராகவே டைப் செய்து கொண்டுவந்திருந்தான். லாக் பின் போடும் பொறுப்பு ஐயம்பெருமாளுடையது. அவர் தன் கவனக்குறைவால் போடவில்லை. நான் அதை அறியவில்லை. கம்பெனியின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறை ஏதும் இல்லை.

"நடந்தது இதுதான சார்?"

"அவனுக்கு என்ன ஆகும்?"

"வெளிய போக வேண்டியதுதான். நீங்க எதுக்குக் கவலைப்படுறீங்க? உங்களுக்குக் கன்ட்ரோல் ரூம்ல சீட் ரெடி. ஏசி. ஏற வேண்டாம், எறங்க வேண்டாம். ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும். ஓய்வு பெறுறவரைக்கும்."

"கையெழுத்துப் போடலன்னா?"

"அப்ப நீங்க ரெண்டு பேருமே விதியை மீறுனதா ஆகும் சார். சீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல." எழுந்தான். "அந்தச் செட்டை எங்கிட்ட தந்துருங்க. லெட்டர் வந்திருக்கும்."

"தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன். அடுப்படி ஜன்னலிலிருந்து அது கரகரவென்று பேசிக்கொண்டிருந்தது. அவன் காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் போனான்.

எட்டு மாதமாக நான் காத்திருந்தது மேசை மேல் கிடக்கிறது. ஒரு கையெழுத்து. இடது கையால் போட்டாலும் செல்லும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

ஜூலை 21

அந்த வாக்குமூலத்தைச் சிவப்பு மையால் திருத்தினேன். ஒற்றுப்பிழை பதினொன்று. "கவனக்குறைவு" மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறது. ஒரு வாக்கியத்துக்கு எழுவாயே இல்லை. இவர்கள்தான் எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பியூலா எட்டிப் பார்த்தாள். "எழுத்தத் திருத்தியாச்சு. உள்ள இருக்கத யாரு திருத்துவா?"

"உள்ளே இருப்பது சரிதான். அவன் பின் போடவில்லை."

"அவன் பொண்டாட்டி நம்ம ஸ்கூல்லதான் சத்துணவுல இருக்கா. தெனமும் ஒங்களப் பத்திக் கேக்கா. நான் என்னன்னு சொல்ல?"

"ஒன்றும் சொல்லாதே. நான் சொல்லாமல்தானே இருக்கிறேன்."

"அது தெரியுது" என்று உள்ளே போய்விட்டாள். இட்லிக்கு அரிசி ஊறப்போட என்னிடம் சொல்லியிருந்தாள், மறந்துவிட்டேன்.

ஜூலை 22

காலை 10.20, செட்டில் கேட்டது. சொல் மாறாமல் எழுதுகிறேன்.

எட்வின்: "நாப்பத்தொண்ணு, என்ன நிலைமை?"

நாற்பத்தொன்றிலிருந்து ஐயம்பெருமாள்: "ஏறியாச்சு சார். பின் போடணும். காத்து பதிமூணு காட்டுது."

எட்வின்: "சீசன் நேரம்யா. பின்னுக்கே நாப்பது நிமிஷம் நிக்கணுமா? பிரேக் புடிச்சிருக்குல்ல? சட்டுன்னு முடிச்சுட்டு ஓட விடு."

எதிர்முனையில் வெகுநேரம் இரைச்சல் மட்டும். பிறகு: "சரி சார்."

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். காற்று நொடிக்குப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் வீசினால் அந்த வேலையே கூடாது. இரண்டு விரல் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதே வார்த்தைகள், அதே "சரி சார்".

அதே என்று எப்படி எழுதினேன் தெரியவில்லை. மூன்றாம் தேதி இவர்கள் பேசியதை நான் கேட்கவில்லையே.

ஜூலை 23

நாற்பத்தொன்றில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருபத்து நான்கு நிமிடத்தில் ஓட விட்டார்கள்.

ஜூலை 24

கட்டுப் பிரித்தார்கள். பார்க்கவில்லை. பியூலா பார்த்தாள்.

ஜூலை 25

ஐயம்பெருமாள் வந்தான். நாலு மணிக்கு வாசல் கேட்டில் நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. பியூலா சொன்னாள்.

கையில் என் தூக்குச்சட்டி. மூன்றாம் தேதி ஜீப்பில் கிடந்தது. பளபளவென்று விளக்கியிருந்தது. அதைப் பியூலாவிடம் நீட்டினான்.

"அக்கா, சாருக்கு வலி எப்படி இருக்காம்?"

நான் அவனுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.

"பரவாயில்லை என்று சொல்" என்றேன் பியூலாவிடம்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு என்ன சம்பளமா குடுக்கிய ரெண்டு பேரும், நடுவுல நின்னு சேதி சொல்ல? காப்பி போடுதேன். நான் வாரதுக்குள்ள ஒரு வார்த்தையாவது பேசியிருக்கணும்." போய்விட்டாள். காப்பி போட அவ்வளவு நேரம் எடுத்ததை நான் பார்த்ததில்லை.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"எட்வின் சார் என்னையும் கூப்பிட்டாரு. ஒரு பேப்பர நீட்டுனாரு. மூணாம் தேதி நீங்க ஒங்க செட்ட அணைச்சு வச்சிருந்தியன்னு எழுதிக் குடுத்தா என் வேலை போகாதாம். அன்னைக்கு அவரு பின் வேண்டாம்னு சொன்னப்போ ஒங்க செட்டுலேர்ந்து பதிலே வரலல்லா. அத வச்சுக் கண்டுபுடிச்சிருக்காரு."

என் காது சூடாகிவிட்டது.

"எழுதித் தரலை" என்றான்.

"ஏன்?"

நவம்பர் 17-க்குப் பிறகு அவனிடம் நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கேள்வியாகத்தான் வந்தது, சமாதானமாக அல்ல.

"அது ஒங்களுக்கும் எனக்கும் உள்ள வழக்கு. அதுல கம்பெனிக்கு என்ன சோலி?"

அவனே தொடர்ந்தான்.

"பின் போடாதன்னாரு, சரின்னுட்டேன். அது என் தப்புதான். நீங்க அப்ப ஏணியில வந்துக்கிட்டிருந்திய, செட்டுல கேட்டிருப்பியன்னு நெனச்சேன். பக்கத்துல வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிடுவிய, அதப் பாக்க வேண்டாம்னு நானும் இருந்துட்டேன்." மூச்சு விட்டான். "நீங்க தொட்டுப் பாக்க வருவியன்னும் நெனச்சேன். வரல."

"உன்னைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த இடுக்கில்."

"ஆமா."

பியூலா காப்பியோடு வந்தாள். அவன் நின்றபடியே குடித்தான். கிளம்பும்போது திரும்பினான்.

"நவம்பர்ல நான் சொன்னத இப்பவும் மாத்திச் சொல்ல மாட்டேன். நீங்க மேனேஜரா வந்திருந்தா ஒருத்தனும் நின்னுருக்க மாட்டான். ஆனா பின் விசயத்துல ஒங்களப் போலக் கண்டிப்பான ஆளு இந்தச் சைட்ல கிடையாது. அதையும் அன்னைக்கே சொன்னேன். அது ஒங்க காதுக்கு வந்துச்சான்னு தெரியல."

வரவில்லை. பாதிதான் வந்தது. வந்திருந்தாலும் அந்தப் பாதியை நான் எங்கே வைத்திருப்பேன் என்று தெரியவில்லை.

முன்பு என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவான். இன்று போகும்வரை சார்தான்.

ஜூலை 26

கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திருத்திய தாளை மட்டும் மாசானத்திடம் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினேன். தண்ணீர் வரும் நாள். இடது கையால் பதினெட்டுக் குடம் பிடித்தேன்.

ஜூலை 28

எட்வின் போனில் மூன்று முறை. எடுக்கவில்லை. செட்டில் கூப்பிட்டிருந்தால் எடுத்திருப்பேன், சைட் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஜூலை 13, 14 பக்கங்களைத் திரும்பப் படித்தேன். அவற்றையும் சிவப்பு மையால் திருத்த வேண்டியிருக்கிறது.

ஒன்று: பேட்டரி தீரவில்லை. நவம்பரிலிருந்து, ஐயம்பெருமாளோடு ஏறும் நாட்களில் மட்டும், ஏணியின் முதல் படியிலேயே செட்டை அணைத்துவிடுவேன். அவன் குரல் என் இடுப்பிலிருந்து வருவது பிடிக்கவில்லை.

இரண்டு: தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்த்தால் "பாத்தாச்சு" என்று அவனிடம் கத்த வேண்டும். அந்த ஒரு வார்த்தையை அவனுக்குத் தர மனமில்லை. அவனும் "பின் போட்டாச்சு" என்று எனக்குக் கத்துவதை விட்டிருந்தான். எட்டு மாதத்தில் எத்தனை முறை அப்படி விட்டேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் பின் போட்டிருந்தான்.

மூன்று: நானே இறங்கி வரவில்லை.

எட்வினின் தாளில் ஒற்றுப்பிழை பதினொன்று. என் பக்கங்களில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

ஜூலை 30

நாளை விசாரணை. பியூலா வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறாள். "என்ன சொல்லப் போறிய?" என்று கேட்கவில்லை. "பொத்தான நான் போட்டு விடுதேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 31

சைட் ஆபீஸ். அதிகாரி ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், கண்ணாடி, தானே நோட்டில் எழுதிக்கொள்கிறவர். ஒரு பக்கம் எட்வினும் மேலிடத்து ஆள் ஒருவரும். மறுபக்கம் சுவரோரமாக ஐயம்பெருமாள், கைகட்டி நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொன்னார் அந்த அம்மா. அவன் உட்காரவில்லை.

எட்வின் அந்தத் தாளை என் முன்னால் வைத்தான். திருத்தி டைப் செய்திருந்தான். என் திருத்தங்கள் எல்லாம் சரியாக ஏறியிருந்தன.

"இது உங்கள் வாக்குமூலமா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லை. எழுத்துப்பிழை பார்த்தது மட்டும் நான்."

எட்வின் மேலிடத்து ஆளைப் பார்த்தான். நான் சொல்லத் தொடங்கினேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"லாக் பின் போடப்படவில்லை. ஐயம்பெருமாள் போடவில்லை. போட வேண்டாம் என்று செட்டில் உத்தரவிட்டவர் மேனேஜர் எட்வின். அந்த உத்தரவு எனக்குக் கேட்கவில்லை, காரணம் என் செட்டை நானே அணைத்து வைத்திருந்தேன். பின்னைத் தொட்டுப் பார்க்க வேண்டியது என் வேலை. பார்க்கவில்லை."

"செட்டை ஏன் அணைத்தீர்கள்?"

"ஐயம்பெருமாளோடு எனக்குப் பேச்சு கிடையாது."

"எத்தனை நாளாக?"

"நவம்பர் பதினேழிலிருந்து."

"அதற்காகவா?"

"அதற்காகத்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்படி என்னை வேறு எவராவது பார்த்திருந்தால் என் பட்டியலில் சேர்ந்திருப்பார்.

மேலிடத்து ஆள் குறுக்கிட்டார். "மேடம், இவரே ஒத்துக்கொள்கிறார். தனிமனிதத் தவறு. பின் போட வேண்டாம் என்று கம்பெனி ஒருபோதும் சொன்னதில்லை. எழுத்தில் இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றேன். "எட்வின் எனக்குத் தருவதாகச் சொன்ன நாற்காலிக்கு முன்னாலேயே இருக்கிறது."

கன்ட்ரோல் ரூம் கதவைக் காட்டினேன். "எந்த மிஷின் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு மறுபடி ஓடியது என்று அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே பதிந்து வைக்கும். எவனாலும் திருத்த முடியாது. ஆடிக்காற்றில் பின் போட நாற்பது நிமிடம். பிரேக் வேலை இருபது நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கவே முடியாது. ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து பிரேக் வேலை நடந்த மிஷின்களை எடுத்துப் பாருங்கள். எத்தனை மிஷின் அரை மணிக்குள் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். அத்தனையும் பின் இல்லாமல் செய்த வேலை. ஜூலை 22, நாற்பத்தொன்றாம் எண். அதிலிருந்து தொடங்குங்கள். இருபத்து நான்கு நிமிடம்."

அதிகாரி தேதியையும் எண்ணையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"பிரின்ட் எடுத்துத் தாருங்கள்" என்றார் அதிகாரி, எட்வினைப் பார்க்காமலே.

"கொஞ்சம் நேரமாகும் மேடம்."

"இருக்கிறேன்."

பிரின்டரிலிருந்து தாள் தாளாக வந்தது. அவர் ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். எண்ணிக்கை எனக்குத் தெரியாது. நான்காவது தாளுக்குப் பிறகு மேலிடத்து ஆள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஐயம்பெருமாள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தான்.

வெளியே எட்வின் என் வழியை மறித்தான். "உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கிட்டீங்க சார். உங்க தப்பையும் சேத்துச் சொல்லி என்ன கண்டீங்க? சும்மா கையெழுத்துப் போட்டிருந்தா..."

"உனக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக் குடுத்த கை இது, எட்வின். இதுல உள்ள விரலு ஒன் மிஷின்லதான் கெடக்கு. அந்தக் கையால இன்னொரு பொய்யில கையெழுத்து வாங்கலாம்னு பாக்கியா?"

"அதுல கையெழுத்துப் போட விரலே இல்லையே சார்" என்றான். கோபத்தில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவன் முகமே மாறிவிட்டது.

அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. சரியான பதில் பஸ்ஸில் பாதி வழியில்தான் தோன்றியது.

ஆகஸ்ட் 2

கடிதம். விதிமீறலை நானே ஒப்புக்கொண்டதால் மறு உத்தரவு வரும்வரை பணியிடை நீக்கம். கன்ட்ரோல் ரூம் நாற்காலி பற்றி ஒன்றுமில்லை. மூன்று நாளில் வாக்கிடாக்கியை ஒப்படைக்காவிட்டால் திருட்டு வழக்கு.

ஐயம்பெருமாளுக்கும் ஒரு கடிதம், எச்சரிக்கை மட்டும். விசாரணை முடியும்வரை அவனை வெளியே அனுப்ப முடியாது. சீசனில் ஆளும் இல்லை.

பியூலா கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "திருட்டு வழக்காம்ல. போலீஸ் வந்தா காப்பி போட்டுக் குடுப்போம்."

ஆகஸ்ட் 4

காலையிலிருந்து மணல் காற்று. மேற்கு ஜன்னலைப் பாதி சாத்தி, இடுக்கில் செட்டை வைத்திருந்தேன். பியூலா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

7.40. எட்வின் குரல்: "அறுபத்து மூணு, ஏறியாச்சா?"

"ஏறியாச்சு சார்." ஐயம்பெருமாள். "விட்டுப்போன அந்தப் பிரேக் வேலைதான்."

"காத்து பத்துதான் இருக்கு. ஒம்பதுக்கு மேல ஏறும். அதுக்குள்ள முடிச்சு ஓட விடணும். என்ன செய்யணும், என்ன செய்ய வேண்டாம்னு உனக்குத் தெரியும்ல?"

விசாரணைக்குப் பிறகு வார்த்தைகளை மாற்றிக்கொண்டிருக்கிறான். இனி எவனாலும் எழுதி வைத்துக்கொள்ள முடியாது.

எதிர்முனையில் இரைச்சல். அந்த இரைச்சலை எனக்குத் தெரியும். அந்த நாசெலுக்குள் காற்று எங்கே நுழைகிறது, எங்கே ஊளையிடுகிறது என்றுகூடத் தெரியும். அவன் "சரி சார்" என்று சொல்ல வாயெடுக்கும் நேரம் எவ்வளவு என்பதும் தெரியும்.

செட்டை எடுத்தேன். இடது கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினேன்.

"அறுபத்து மூணு. பின் போட்டாச்சா?"

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. செட்டிலும் சத்தம் நின்றது. சைட்டில் இருபது செட்டாவது அப்போது திறந்திருக்கும்.

"யாரு அது?" எட்வின். "சார், செட்டைக் கீழ வைங்க. இது கம்பெனி சேனல். போலீசுக்குப் போவேன் சார்."

"அறுபத்து மூணு. ஒன்னத்தான் கேக்கேன். பின் போட்டாச்சா?"

இரைச்சல், இரைச்சல். பிறகு,

"இல்ல அண்ணாச்சி. இப்பப் போடுதேன்."

எட்வின் ஏதோ சொன்னான். நடுவில் வேறொரு குரல், பன்னிரண்டாம் எண்ணிலிருந்து: "பன்னெண்டு. நாங்களும் போடுதோம். நேரம் ஆகும்." அப்புறம் நாற்பதாம் எண். பிறகு யாரென்று தெரியாத ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான், பொத்தானை விட மறந்து.

நாற்பத்து நான்கு நிமிடம் ஆயிற்று. அடுப்பருகில் நின்றுகொண்டே இருந்தேன். பியூலா தோசை சுட்டு என்னைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், உட்காரச் சொல்லவில்லை. ஒருமுறை செட்டின் ஒலியைக் கூட்டி வைத்தாள்.

8.26. "பின் போட்டாச்சு."

கூட ஏறியிருந்தவன் குரல் பின்னாலேயே வந்தது, காற்றில் கிழிந்து: "பாத்தாச்சு!"

பொத்தானை மறுபடி அழுத்தவில்லை. அவன் நவம்பரில் சொன்னதை நான் மன்னிக்கவில்லை. அது வேறு வழக்கு.

பத்து மணிக்கு மாசானம் வந்தான். ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொண்டேன். "செட்டு சார்?" என்று தலையைச் சொறிந்தான்.

"எட்வின வந்து கேக்கச் சொல்லு. நான் வீட்டுலதான் இருப்பேன்."

செட் சார்ஜில் இருக்கிறது.